பின்னிருந்து ஒரு குரல்

தாம்பரத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே செல்வோர் பெருங்களத்தூரில் உயர்ந்து நிற்கும் புதிய கட்டடங்களைக் காண்பர். அப்பகுதியில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் சங்கொலி கேட்டுத்தான் மக்கள் நேரம் அறிந்தனர் என்று மூத்தோர் கூறுவர். 1948-இல் உருவான அந்நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரை இங்கே செய்தது. 1972-இல் கேசல், 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று தொடர்ந்து, 1988-இல் உற்பத்தி நின்றுபோயிற்று. ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அதே காரின் அடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி, 1962-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். அந்த ஸ்பிட்ஃபயர் நம் ஊருக்கு வரவில்லை, வந்தது ஹெரால்டுதான். ஆயினும் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் சீறிப் பாய்ந்ததுண்டு. ஆகவே ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெருங்களத்தூருக்கும் ஒன்றுவிட்ட சகோதர உறவு என்று சொன்னால் அது மிகையன்று.

இதைச் சொல்வதற்குக் காரணம், எங்கள் பங்கிலுள்ள ஒரு குடும்பம். தாத்தா அந்தத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் உழைத்தவர். மகன் பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனமொன்றில் பணியாற்றுகிறார். அவர் சில ஆண்டுகள் சேமித்து, இரண்டு கதவுகள் கொண்ட வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். முன்னே இருவர் தாராளமாக அமரலாம். பின்னே இரண்டு இருக்கைகள் உண்டு என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதே தவிர, எட்டு வயதுக் குழந்தைக்கு மேல் வேறு யாரும் அங்கே அமர இயலாது. அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருந்தது நல்லதாயிற்று.

வண்டியைத் தொழிற்சாலையில் செய்தவர்கள் அதில் ஸ்டீரியோவும் பொருத்தியே அனுப்பியிருந்தார்கள். ஆனால் ஸ்பீக்கர்கள் முன்கதவுகளில் மட்டுமே இருந்தன. பின்பக்கச் சுவர்களில் சல்லடை போன்ற மூடிகள் அழகாக இருந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. விலை உயர்ந்த வகைக்காக அமைத்த இடம் அது. விலை குறைந்த வகையில் மூடியை மட்டும் விட்டுவிடுவார்கள். "வெளியே பார்த்தா எல்லாம் இருக்கு, உள்ளே வெத்திடம், ஃபாதர்" என்றார் அவர். மறையுரைக்கு உதவும் என்று நான் அதைக் குறித்துக்கொண்டேன். இன்னும் பயன்படுத்தவில்லை.

பூவிருந்தவல்லி குருமடத்தில் பயின்ற நாளிலிருந்தே ஒலிபெருக்கிகளின்மீது எனக்கு ஒரு பற்று உண்டு. திருவிழா நாள்களில் வயர்களோடு மல்லாடும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வரும். எனவே அந்தத் தம்பி ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரித்து, நீள்வட்ட வடிவிலான இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வாங்கிவந்த செய்தியைச் சொன்னபோது ஆர்வத்துடன் கேட்டேன்.

இதில் அறிய வேண்டியவை சில உண்டு. காரில் ஒலி முன்னிருந்து வருவதே முறை. சபாவில் பாடகர் நமக்கு முன்னே அமர்கிறார். நம் பிடரியில் அமர்வதில்லை. பின் ஸ்பீக்கர்கள் முன்னவற்றைவிட உரக்க ஒலித்தால் பாடகர் இடம் மாறிப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே பின்னொலி தாழ்ந்தே இருக்க வேண்டும். தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் உதவ வேண்டும். அடுத்தது, பின்னிரு ஸ்பீக்கர்களுக்கும் தனித் தடங்கள் ஸ்டீரியோவிலேயே இருக்கின்றனவா என்று பார்த்தல். இருந்தால் கவலையில்லை. இல்லையெனச் சிலர் முன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே கிளை எடுத்து இணையாகச் சேர்த்துவிடுவர். 4 ஓம் கொண்ட இரண்டை அவ்வாறு சேர்த்தால் மொத்த மின்தடை 2 ஓம் ஆகிவிடும். அதற்கென அமையாத கருவி சூடேறி ஒருநாள் ஊமையாகும். பழைய மெக்கானிக்குகள் ஸ்பீக்கரின் எதிர்முனையை வண்டியின் இரும்பில் கட்டும் வழக்கமும் இன்றைய ஸ்டீரியோக்களுக்கு ஆகாது. நேர்முனை எது, எதிர்முனை எது என்ற ஐயம் எழுந்தால் சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் நேர்முனை தொட்ட இடமே நேர்முனை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் முனைகள் மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி காணாமல் போய்விடும். இரண்டும் உழைக்கும், பயன் இராது. சில பங்குப்பேரவைகள் நினைவுக்கு வருகின்றன.

ஒரு முதல் வெள்ளியன்று நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டுசென்றபோது அவர்கள் வீட்டுக்கும் போனேன். பாட்டி நற்கருணை வாங்கியபின் வாசலுக்கு வந்தால், வண்டியின் பின்பக்கம் திறந்து கிடந்தது. புதிய ஸ்பீக்கர்களை மூடியின்றித் தற்காலிகமாக இணைத்திருந்தார்கள். சிறுமி பின்னிருக்கையில் அமர்ந்திருந்தாள். கண்களை மூடிக்கொண்டு, ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கை காட்ட வேண்டும். அதுதான் அவளுக்கு இட்ட வேலை. தந்தை இடப்பக்க ஸ்பீக்கரை ஒலிக்கச் செய்தார். இடப்பக்கம் காட்டினாள். வலப்பக்கத்தை ஒலிக்கச் செய்தார். அப்போதும் இடப்பக்கமே காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். மீண்டும் மீண்டும் அப்படியே. "விளையாடாதேம்மா" என்று தந்தை சற்றுக் கடிந்துகொண்டார். "இல்லப்பா, அங்கேதான் கேக்குது" என்று அவள் அழுதுவிட்டாள்.

சிரிக்காதவர் தாத்தா ஒருவரே. "சோத்துக்கைப் பக்கம் நின்னு கூப்பிட்டா அவ திரும்பறதில்லடா. நான் ரொம்ப நாளா பாக்கறேன்" என்றார்.

செவிப் பரிசோதனையில் வலக்காது முற்றிலும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்குமுன் பொன்னுக்கு வீங்கி வந்திருந்ததே காரணமாகலாம் என்றார் மருத்துவர். அந்நோய் சில குழந்தைகளிடம், அரிதாக, ஒரு காதை மட்டும் சந்தடியின்றிப் பறித்துவிடும். வலி இராது. மற்றக் காது நன்றாகக் கேட்பதால் குழந்தைக்கே அது தெரியாது; எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் கேட்கிறது என்று அது எண்ணிக்கொள்ளும். வீட்டில் அவளுக்குப் பிடிவாதக்காரி என்ற பெயர் இருந்தது. கூப்பிட்டால் வரமாட்டாள், வந்தாலும் சமையலறையிலிருந்து அழைத்த தாயைத் தேடி மாடிப்படிக்கு ஓடுவாள். அதற்காக அடியும் வாங்கியிருக்கிறாள். தந்தை இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

ஒலி வரும் திசையை நாம் எப்படி அறிகிறோம்? வலப்பக்கத்து ஒலி வலக்காதை முதலிலும் இடக்காதைப் பின்னரும் அடைகிறது. அந்த இடைவெளி மிகுந்தால் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. தலையின் மறைப்பால் ஒலியின் அளவிலும் சிறு வேறுபாடு உண்டு. இவ்விரண்டையும் மூளை கணித்துத் திசை சொல்கிறது. ஒரு காது மட்டும் உள்ளவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்று இல்லை. ஒலி கேட்கும், இடம் தெரியாது. பேருந்து ஒலிப்பான் கேட்டும் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாமல் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள்!

அன்றிரவு எனக்குச் சிறுவன் சாமுவேலின் நினைவே வந்தது. ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருந்தவன் தன் பெயரைக் கேட்கிறான்; எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். மும்முறை அவ்வாறே ஓடுகிறான் (1 சாமுவேல் 3). அவனுக்குக் காது நன்றாகவே கேட்டது. கேட்ட இடந்தான் தவறியது. நாம் சாமுவேலின் பணிவைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். தூக்கம் கலைக்கப்பட்ட ஏலியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பார்வை மங்கிய அந்தக் கிழவர் ஒருமுறைகூடச் சிறுவனை ஏசவில்லை. போய்ப் படுத்துக்கொள் என்றே சொல்கிறார். மூன்றாம் முறை, இவன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே எதையோ கேட்கிறான் என்பதை உணர்ந்துகொள்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஏலி வேண்டும். எங்கள் பங்கின் அந்த வீட்டில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையின் பழைய தொழிலாளி அவ்விடத்தில் இருந்தார்.

விவிலியத்தில் குரல் பின்னிருந்து வரும் இடங்கள் பல. வலப்பக்கமோ இடப்பக்கமோ விலக நேரும்போது, இதுவே வழி என்று சொல்லும் ஒரு வார்த்தையை உன் காதுகள் பின்னிருந்து கேட்கும் என்ற பொருள்பட எசாயா உரைக்கிறார் (30:21). பத்மு தீவில் யோவான் எக்காளம் போன்ற பெருங்குரலைத் தமக்குப் பின்னால் கேட்டு, பேசியவரைக் காணத் திரும்புகிறார் (திருவெளிப்பாடு 1:10-12). கல்லறையருகே மகதலா மரியாவோ இருமுறை திரும்புகிறார். முதன்முறை திரும்பியபோது தோட்டக்காரர் என்று எண்ணினார். பெயர் சொல்லி அழைக்கப்பட்டு இரண்டாம் முறை திரும்பியபோதுதான் அறிந்துகொண்டார் (யோவான் 20:14-16). முன்னே செல்லும் ஆயரைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். பின்னே நிற்பவராகவும் ஆண்டவர் இருக்கிறார். அவர் அழைக்கும்போது நாம் கழுத்தைத் திருப்பியாக வேண்டும். மனமாற்றத்திற்குத் தமிழில் மனந்திரும்புதல் என்றே வழங்குகிறோம் அல்லவா?

அச்சிறுமி இப்போது தலையைத் திருப்பித் திருப்பித் திசை கண்டுபிடிக்கப் பழகிவருகிறாள். ஒரு காதுடையோர்க்கு அது ஓரளவு கைகொடுக்கும் என்பது மருத்துவர் கூறிய அறிவுரை.

வண்டிக்குத் திரும்புவோம். தந்தை ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். அவருடைய அச்சம் நியாயமானது. ஸ்போர்ட்ஸ் காரின் பின்பகுதி மிகக் குறுகலானது; ஸ்பீக்கர் குழந்தையின் தலைக்கு ஒரு முழ தூரத்தில்கூட இராது. அவளுக்கு எஞ்சியிருப்பது ஒரே காது. 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குமேல் கேட்பது நன்றன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். நண்பர்கள் மெச்ச வேண்டுமென்று வாங்கிய அந்த நீள்வட்ட ஸ்பீக்கர்களுக்கு 80 ஒரு பொருட்டே அன்று. "பாட்டே வேண்டாம் ஃபாதர், வண்டியையே வித்துடறேன்" என்றார்.

நான் மறுத்துரைத்தேன். பாட்டை நிறுத்திவிட்டால், தன்னால் வீட்டில் ஏதோ ஒன்று நின்றுபோயிற்று என்று குழந்தை கண்டுகொள்ளும். அதற்குக் காது தேவையில்லை. மேலும், பின்னே ஸ்பீக்கர் இல்லாத வண்டியில் பின்னிருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்று முன்னே ஒலியைக் கூட்டுவார்கள். அருகில் சிறிதாக ஒன்று இருந்தால் கூட்ட வேண்டியதில்லை. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது விதி. காருக்குள் அந்த விதி அப்படியே செல்லாதெனினும் அடிப்படை அதுவே: உரக்கப் பேசுவதற்கு மாற்று, அருகே வந்து பேசுவது.

இருவரும் கலந்து பேசியதில் முதலில் மாறியது வயர் அன்று, இருக்கை. இதுநாள்வரை அவள் இடப்பக்கத்து இருக்கையில், தாய்க்குப் பின்னால் அமர்ந்துவந்தாள். அதனால் கேளாத வலக்காது பெற்றோர் பக்கமும், கேட்கும் இடக்காது சன்னல் பக்கமும் இருந்தன. இரண்டாண்டுகள் அவள் பெற்றோரின் பேச்சைவிடச் சாலையையே அதிகம் கேட்டுவந்திருக்கிறாள். ஓட்டுநருக்குப் பின்னால், வலப்பக்கம் அமர்த்தியதும் தாயின் குரல் நேரே நல்ல காதில் விழுந்தது. ஒரு காசும் செலவில்லை. பிறகு நீள்வட்டப் பெரிய ஸ்பீக்கர்களைக் கடையில் கொடுத்து, அந்தச் சல்லடை மூடிகளுக்குள் அடங்கும் சிறிய ஸ்பீக்கர்களை மாற்றி வாங்கினார். பின்னொலி எப்போதும் முன்னொலிக்குக் கீழேயே இருக்குமாறு அமைத்து, இதற்குமேல் கூட்டுவதில்லை என்று ஓர் எல்லையும் வைத்துக்கொண்டார்கள். அந்த எல்லையைக் காக்கும் அதிகாரி சிறுமியே. செல்பேசியில் காதுக்கருவி மாட்டிக் கேட்கும்போது இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் வசதி இருக்கிறது. அதை இயக்காவிட்டால் ஒரு காதுடையோர்க்குப் பாட்டின் ஒரு பகுதி கேளாமலே போகும். இதையும் பெற்றோர் அறிந்து செய்தனர். இப்படிப்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டாருக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வேறோர் ஊரில் நடந்ததுபோல் எண்ணிக்கொண்டு நாம் வாசிக்கும் எப்பத்தா நிகழ்ச்சியை (மாற்கு 7:31-37) அக்குடும்பத்தோடு சேர்ந்து மீண்டும் வாசித்தேன். தெக்கப்பொலி நாட்டின் அந்த மனிதரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். அதன்பின்பே காதில் விரலை இடுகிறார். அவர் குரலை உயர்த்தியதாக மாற்கு எழுதவில்லை; பெருமூச்சு விட்டதாகவே எழுதுகிறார். திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு நாம் அச்சொல்லைச் சொல்லும் வழக்கம் அங்கிருந்தே வந்தது. இவளுடைய வலக்காது திறக்கவில்லை. திறக்கும் என்று மருத்துவர் சொல்லவுமில்லை. தந்தைக்கு அது இன்னும் ஆறாத புண்ணாகவே இருக்கிறது. அவரிடம் நான் விளக்கம் ஏதும் சொல்லவில்லை. முதல் வெள்ளி தோறும் போய் வருகிறேன்.

அவர்தான் ஒருநாள் கோவிலில் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்டுவிட்டு, "இங்க ஒண்ணும் புரியல, ஃபாதர்" என்றார். எங்கள் கோவிலில் ஒலிபெருக்கிகள் பீடத்தின் இருபுறமும் மட்டுமே இருந்தன. பீடத்திலிருந்து கடைசி இருக்கை ஏறத்தாழ 28 மீட்டர். சிமெண்ட் கூரை, பளிங்கு போன்ற தரை, வெளியே மின்ரயில், மேலே விமானப்படைத் தளத்திலிருந்து எழும் விமானம். சொல் போய்ச் சேர்வதற்குள் தன் எதிரொலிகளோடு மோதிக் குழம்பிவிடும். வார நாள்களில் ஆளில்லாத கோவிலில் எதிரொலி இன்னும் மிகும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும் என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபீன் 1895 முதல் செய்த சோதனைகளில் அளந்து காட்டினார். திருப்பலிக்கு வரும் ஒவ்வொருவரும் மற்றவர்க்கு இறைவார்த்தை தெளிவாகக் கேட்க உதவுகிறார் என்பது கவிதை அன்று, இயற்பியல்.

கடைசி வரிசையில் அமர்வோர் யார்? கைக்குழந்தையோடு வரும் தாய்மார். இரவுப் பணி முடித்து ஓரகடத்திலிருந்து நேரே வருவோர். நம் மொழி புரியாத சார்கண்டு மாநிலத் தொழிலாளர். பல ஆண்டுகள் கோவிலுக்கு வராமல் இருந்து, கூச்சத்தோடு தூணோரம் நிற்பவர். லூக்கா 18-ஆம் அதிகாரத்து வரிதண்டுபவரும் தொலைவில்தான் நின்றார். நம்பிக்கை கேள்வியால் வரும் என்கிறார் பவுல் (உரோமையர் 10:17). முழுமையான, உணர்வுபூர்வமான பங்கேற்பை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் எல்லாருக்கும் உரியதாக்கியது. திருப்பலி நூலின் பொதுப் போதனையோ, இன்றைய கருவிகளின் துணைகொண்டு மக்கள் சிரமமின்றிக் கேட்கச் செய்ய வேண்டும் என்று 311-ஆம் எண்ணில் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே பின்வரிசை ஸ்பீக்கர் என்பது ஆடம்பரச் செலவு என்று பேரவையில் எழுந்த வாதம் நிற்கவில்லை.

காரில் கற்றதே கோவிலிலும் உதவியது, ஒரு வேறுபாட்டுடன். சென்னை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். 28 மீட்டரைக் கடக்க நொடியில் நூற்றில் எட்டுப் பங்கு ஆகும். மின்சாரமோ அந்த நொடியே போய்ச் சேர்ந்துவிடும். எனவே பின் ஸ்பீக்கர்களை அப்படியே இணைத்தால், அருகிலிருந்து ஒருமுறையும் பீடத்திலிருந்து மறுமுறையும் என்று ஒரே சொல் இருமுறை கேட்கும். இதற்காகப் பின்னொலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் சிறு கருவி ஒன்றை இடையே வைத்தோம். முன்னிருந்து வரும் ஒலி முதலில் சேர வேண்டும். பின்னொலி அதற்கு மிகச் சிறிது பின்னால் வர வேண்டும். அப்போது, பின்னொலி சற்று உரக்க இருந்தாலும் காது முதலில் வந்ததையே நம்பும் என்பதை ஜெர்மனியின் கோட்டிங்கனில் எல்முட் ஹாஸ் 1949-இல் தம் ஆய்வில் நிறுவினார். இப்போது கடைசி வரிசையில் அமர்ந்தால் குரல் பீடத்திலிருந்தே வருவதாகத் தோன்றுகிறது. தலைக்குமேல் ஸ்பீக்கர் இருப்பதே தெரிவதில்லை.

அண்டை வீட்டாருக்கும் இதனால் நன்மை விளைந்தது. முன்னாலிருந்து கத்த வேண்டிய தேவை ஒழிந்ததால் மொத்த ஒலி குறைந்துவிட்டது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுத்துள்ளன. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையிலிருந்து சென்ற சர்ச் ஆஃப் காட் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியால் செபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைச் சிலர் நம் சமயத்திற்கு எதிரானது என்று அன்று வருந்தினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மதிலுக்கு அப்பால் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் காது இரண்டு உண்டு.

சிறுமி இப்போது பீடத்தை நோக்கி அமரும்போது வலப்புற இருக்கைகளில், சுவரோரமாக அமர்கிறாள். வாசக மேடை அவளுடைய இடக்காதுக்கு நேராக இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தவள் அவளே. யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் தாத்தா. சமாதானம் பகிரும் வேளையில் அவளது வலப்புறமிருந்து வருவோர் தோளைத் தொட்டுவிட்டுக் கைகூப்புகிறார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வழக்கமாக நின்று திருப்பலி காணும் ஆண்கள் சிலர், தங்களுக்கும் அங்கே ஒரு ஸ்பீக்கர் வைக்குமாறு விண்ணப்பம் கொடுத்தனர். பேரவை அதைக் கருத்துடன் பரிசீலித்தது. உள்ளே மூன்று இருக்கைகள் காலியாக இருப்பதாகப் பதில் எழுதப்பட்டது.